ரெப்பசாஜ்: ‘கரையேற்றச் சுற்று’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். விளையாட்டுப் போட்டிகளில் முதலில் தோற்றவர்களுக்குக் கிடைக்கும் இன்னொரு சுற்றுக்கு ரெப்பசாஜ் (repechage) என்று பெயர். இதற்குத் தமிழில் ‘ஆறுதல் சுற்று’, ‘மறுவாய்ப்புச் சுற்று’ என்ற சொற்கள் பேசப்படுகின்றன. ஒருவர் சொன்னது:

> ‘ஆறுதல் சுற்று’ என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும்தான். ஆனால் பிழையாக விளங்கும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் நடந்த நாட்களில், இங்கே திருகோணமலையில் அண்ணாவின் மகளோடு இருந்து 400 மீற்றர் ஓட்டம் பார்த்தேன். தகுதிகாண் ஓட்டத்தில் பின்தங்கிப்போன ஒருவர் அடுத்த நாள் மறுபடியும் கோட்டில் வந்து நின்றார். “சித்தப்பா, இவ நேற்றுத் தோத்தவதானே?” என்று கேட்டாள். தோற்றவர்களுக்கு இன்னொரு ஓட்டம் உண்டு, அதற்கு ரெப்பசாஜ் என்று பெயர் என்றேன். “அப்படியெண்டா?” என்றாள். பதில் சொல்ல என்னிடம் தமிழ்ச்சொல் இல்லை.

அண்மைக்கால ஒலிம்பிக் தடகளத்துக்கு இது 2024 பாரிஸில்தான் வந்தது. 200 முதல் 1500 மீற்றர் வரையான தனிநபர் ஓட்டங்களுக்கும் சட்டவேலி ஓட்டங்களுக்கும் அங்கே இது இருந்தது. முன்பெல்லாம் இடம் பிடிக்காதவர்களில் வேகமாக ஓடிய சிலரை நேரம் பார்த்து எடுத்தார்கள். பாரிஸில் இடம் பிடிக்காதவர்கள் திரும்ப ஓடித்தான் அரையிறுதிக்குப் போகவேண்டியிருந்தது. துடுப்புப் படகோட்டத்தில் இது நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். முதல் ஓட்டத்தில் தவறியவர் இதில் தப்பி, இறுதிவரை போய்த் தங்கமே வெல்லலாம். தங்கத்துக்கு வழிவிடும் சுற்றை ஆறுதல் என்று எப்படிச் சொல்வது?

மல்யுத்தத்தில் கதை வேறு. 2016 றியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சாக்‌ஷி மாலிக் 58 கிலோ பிரிவுக் காலிறுதியில் ரஷ்ய வீராங்கனையிடம் தோற்றார். அந்த ரஷ்யர் இறுதிப் போட்டிக்குப் போனால் மட்டுமே சாக்‌ஷிக்கு அடுத்த மோதல். அவர் போனார். சாக்‌ஷி ஒரு மங்கோலிய வீராங்கனையை வென்று, வெண்கலத்துக்கான மோதலில் 0–5 என்று பின்னால் நின்று, கடைசியில் 8–5 என்று வென்றார். தன்னைத் தோற்கடித்தவர் வெல்லவேண்டும் என்று காத்திருப்பது எவ்வளவு விசித்திரமான நிலை! விளையாட்டுக்குப் புதியவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். ‘மறுவாய்ப்புச் சுற்று’ என்ற மற்றச் சொல்லும் எனக்கு இங்கேதான் இடிக்கிறது. தோற்ற எல்லோருக்கும் வாய்ப்பு என்பதுபோல அது ஒலிக்கிறது. மல்யுத்தத்தில் அப்படி இல்லை.

சரி, மூலச்சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சில் ‘பெஷ்’ என்றால் மீன்பிடி. ரெப்பசாஜ் என்பது தண்ணீரில் விழுந்ததைத் தூக்கியெடுப்பது. பரீட்சையில் தவறியவருக்கு இன்னொரு தடவை இடம் கொடுப்பதையும் அப்படிச் சொல்வார்கள். கரைவலை இழுக்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்குச் சொல் தேடி அகராதி புரட்டியிருக்கிறேன்! இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னடியாக மணலில் நடக்க, கடைசியில் வலையின் மடி (மீன் சேரும் பை) கரைக்கு வரும், உள்ளே சூடை மீன் வெள்ளையாகத் துடிக்கும். தண்ணீருக்குள் போனதை வெளியே எடுப்பதற்குத் தமிழில் சொல் உண்டு: கரையேற்றுதல். கடனில் அமிழ்ந்தவரையும் கரையேற்றிவிட்டதாகத்தானே சொல்கிறோம்?

ஆகவே என் முன்மொழிவு ‘கரையேற்றம்’. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஏறு, ஏற்று இரண்டிலிருந்தும் ‘ஏற்றம்’ பிறக்கும். ஓட்டத்திலும் படகிலும் தோற்றவர் தானே கரையேறுகிறார். மல்யுத்தத்தில் முதலில் இன்னொருவரின் வெற்றி அவரைக் கரைப்பக்கம் இழுத்துவிடுகிறது, பிறகுதான் அவர் ஏறவேண்டும். இரண்டையும் ஒரே சொல் தாங்கும்.

சரக்கு ஏற்றுவதோடு குழம்பாதா என்று யாராவது கேட்கலாம். குழம்பாது. துறைமுக ஊர்க்காரன் சொல்கிறேன், கப்பலில்தான் ஏற்றுவோம், கரையில் இறக்குவோம்.

பொதுப்பெயராகக் கரையேற்றச் சுற்று, தடகளத்தில் கரையேற்ற ஓட்டம், மல்யுத்தத்தில் கரையேற்ற மோதல் என்று வரலாம். வர்ணனையில் ‘கரையேறி வந்தவர்’ என்றாலே போதும், நீட்டி விளக்கத் தேவையில்லை.

நேற்றுப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்ப ஒரு ஓட்டத்தில எத்தனை பேர் கரையேறலாம்?” என்று கேட்டாள்.

‘கரையேற்ற மோதல்’ காதுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கிறதோ என்று மட்டும் எனக்கு ஐயம். மல்யுத்தம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.