இளநிலை மாணவர்களுக்குப் பொருள் வேதியியலை ஆய்வின் வழியே கற்பிப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வும் தரம்பார்த்தலும்தான் இதுவரை செய்முறையாக இருந்து வருகின்றன. விடை முன்பே தெரிந்த அச்சோதனைகளில் கை பழகுகிறதே தவிர, கேள்வி கேட்கும் பழக்கம் வருவதில்லை. வரும் பருவத்தில் பொருள் வேதியியலில், அதாவது திண்மப் பொருள்களைத் தயாரித்து அவற்றின் பண்புகளை ஆராயும் துறையில், ஒரு சிறு ஆய்வைத் தர விரும்புகிறேன். மஃபிள் உலை (உயர்வெப்ப உலை), மையவிலக்கி, நிறமானி (கரைசலின் நிறச்செறிவை அளக்கும் கருவி) ஆகியவை உள்ளன. படிக அமைப்பை அறிய உதவும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவி இல்லை. எதில் தொடங்கலாம்?

மறுமொழி 1:
ஐயா, துத்தநாக ஆக்சைடில் தொடங்குங்கள். துத்தநாக அசிட்டேட்டுக் கரைசலில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் வெண்ணிற ஆக்சலேட் வீழ்படியும். அதைக் கழுவி உலர்த்தி, 450 முதல் 750 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு தூளாகக் கிடைக்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு வெளிவரும் என்பதால் உலை நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் இருப்பது கட்டாயம். சூட்டில் மஞ்சள், ஆறினால் வெண்மை என்று உப்புப் பகுப்பாய்வில் மனப்பாடம் செய்ததை, தாங்களே செய்த தூளில் காணும் மாணவர்களிடம் படிகக் குறைபாடு (படிகத்தின் அணு அடுக்கில் உள்ள ஒழுங்கின்மை) பற்றிப் பேசிப் பாருங்கள்; பாடம் வேறு விதமாகப் பதியும். பின்னர் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் நீர்த்த கரைசலில் தூளைக் கலந்து வெயிலில் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 660 நானோமீட்டர் அலைநீள ஒளியில் கரைசலின் நிறச்செறிவை நிறமானியால் அளக்கலாம். உங்கள் உலையில் எந்த வெப்பநிலையில் சுட்ட தூள் விரைவாக நிறம் நீக்கும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது.

மறுமொழி 2:
நானும் இதைச் செய்ய வைத்திருக்கிறேன். ஒப்பீட்டுச் சோதனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். மெத்திலீன் நீலம் வெயிலில் தானாகவே ஓரளவு வெளிறும், தூளின் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தூளில்லாத குடுவை ஒன்று வெயிலிலும், தூளுள்ள குடுவை ஒன்று இருட்டிலும் இருந்தாக வேண்டும். முதல் ஆண்டில் என் மாணவர்கள் மையவிலக்கியில் போதிய நேரம் சுழற்றாமல் அளந்ததால், மிதந்த தூள் ஒளியைச் சிதறடித்து, நிறம் குறையக் குறைய அளவீடு கூடிக்கொண்டே போனது. நான் காரணத்தைச் சொல்லவில்லை. வெறும் நீரில் தூளைக் கலக்கி அளந்து ஒரு மாணவி அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. அப்பருவத்தில் அவர்கள் கற்றவற்றுள் அதுவே சிறந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெயில் நாளுக்கு நாள் மாறுமே, அளவீடுகளை எப்படி ஒப்பிடுவது?

மறுமொழி 2:
எல்லாக் குடுவைகளையும் ஒரே நேரத்தில், ஒரே தட்டில் வையுங்கள். வெவ்வேறு நாட்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு நாளும் தூளில்லாத குடுவையோடுதான் ஒப்பீடு.