நகல் பம்ப் ஷாட்கன் வாங்கலாமா, ரெமிங்டன் 870-க்கே போகலாமா?

கேள்வி:
காற்றில் எறியும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடப் பழக ஒரு 12 கேஜ் (குழலின் விட்ட அளவு) ஷாட்கன் தேடுகிறேன். 870-ஐப் பார்த்துச் செய்த இறக்குமதித் துப்பாக்கி பாதி விலைக்கு வருகிறது. கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியவில்லை. நான் இடது கைக்காரன்.

பதில் 1:
அப்படி ஒன்றை மூன்று வருடம் வைத்திருந்தேன். புதிதில் பம்ப்பை (அடுத்த தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் பிடி) இழுத்தால் மணலை அரைப்பது போலிருந்தது. எண்ணெய் விட்டு, வெடிக்காத டம்மி தோட்டா போட்டு இருநூறு தடவை இழுத்த பிறகு வழிக்கு வந்தது. (வீட்டில் எல்லோரும் திட்டினார்கள்.) பெரிய தொல்லை வேறு: சுட்ட தோட்டா குழலின் அறைக்குள் ஒட்டிக்கொள்ளும். மலிவான தோட்டா என்றால் இன்னும் மோசம். அறையின் உட்சுவர் சொரசொரப்பு, அவ்வளவுதான். துப்பாக்கி மெக்கானிக் மெருகேற்றியதும் நின்றது. அந்தக் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பதில் 2:
870 வந்தது 1950-ல். உதிரி பாகத்துக்கு அலையவே வேண்டாம். நகலுக்கு எல்லாம் பொருந்தும் என்று நம்பாதீர்கள். மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இடது கை என்றால் மாஸ்பெர்க் 500 என்ற பம்ப் ஷாட்கனையும் பாருங்கள், சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) மேலே கட்டைவிரலுக்கு நேராக, எந்தக் கைக்கும் எட்டும்படி இருக்கும்.

கேட்டவர்:
சேஃப்டியை நான் யோசிக்கவே இல்லை. சரி, பழைய 500 ஏதாவது கிடைக்கிறதா பார்க்கிறேன்.