எரிமலை அடிவாரத்தில் மக்களைக் குடியிருக்க விடலாமா?

தொலைநோக்கி:
கொலம்பியாவின் ஆர்மெரோ நகரம் 1985 நவம்பர் 13 இரவில் அழிந்த வரலாற்றைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலையின் நெருப்பு அந்த ஊரைத் தொடவே இல்லை. உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலும் கல்லும் சேர்ந்த சேற்று வெள்ளமாக ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1595-இலும் 1845-இலும் அதே சேறு வந்து படிந்த இடத்தில்தான் ஊரைக் கட்டியிருந்தார்கள். செயல்படும் எரிமலைகளின் அடிவாரத்தில் இனிக் குடியிருப்பே கூடாது. இருப்பவர்களையும் அரசுகள் படிப்படியாக வெளியேற்ற வேண்டும் என்பது என் கருத்து.

கரிசல்மண்:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், நண்பரே. மலை வெடித்ததற்கும் சேறு ஆர்மெரோவுக்கு வந்து சேர்ந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எந்தெந்த இடங்களுக்கு ஆபத்து என்று காட்டும் வரைபடம் முந்தைய மாதமே தயாராகியிருந்தது. மேட்டு நிலத்துக்கு நடந்தே போயிருக்கலாம். போகச் சொல்லி உறுதியான உத்தரவு மக்களுக்கு வரவில்லை. அதை விட்டுவிட்டு, அங்கே வாழ்ந்ததே குற்றம் என்கிறீர்களே!

அடிவாரத்துக்கு மக்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. சாம்பல் மண் நீரைப் பிடித்து வைக்கும். தாதுச் சத்து மிகுந்தது. ஜாவா தீவு அத்தனை மக்கள் நெருக்கத்தையும் தாங்குவதில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

தொலைநோக்கி:
மண் வளத்தைப் பற்றி எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். மலை இன்று சாம்பலைக் கொட்டினால் நாளை வயல் செழித்துவிடுமா? புதுச் சாம்பல் பயிரை மூடிக் கொல்லும். அது சிதைந்து நல்ல மண்ணாகப் பல பத்தாண்டுகள் ஆகும், சில இடங்களில் நூற்றாண்டுகளே ஆகும். ஐஸ்லாந்தில் 1783-இல் லாக்கி என்ற எரிமலைப் பிளவு வெடித்தபோது வந்த புளோரின் நஞ்சு புல்லில் படிந்து, ஆடு மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பின்னால் வந்த பஞ்சத்தில் அந்த நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தார்கள். இதை வரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடலோடி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எரிமலை தருவது மண் மட்டுமன்று. அதே ஐஸ்லாந்தில் இன்று பத்தில் ஒன்பது வீடுகள் நிலத்தடி வெப்பத்தால்தான் குளிர் காய்கின்றன. ஆனால் அந்த வெப்பத்துக்காக மலையடியில் குடியிருக்க வேண்டியதில்லை. வெந்நீரைக் குழாயில் தொலைவுக்குக் கொண்டுபோகலாம். 2023 நவம்பரில் எரிமலை வெடிக்கும் என்று அஞ்சி அங்குள்ள கிரிந்தாவிக் ஊரின் ஏறத்தாழ 3,800 பேரையும் ஒரே இரவில் வெளியேற்றினார்கள். அருகிலுள்ள ஸ்வார்ட்செங்கி நிலத்தடி வெப்ப மின் நிலையத்தை மண் கரைகள் எழுப்பிக் காத்தார்கள். 2024 பிப்ரவரியில் எரிமலைக்குழம்பு வெந்நீர்க் குழாயை உடைத்தபோது வீடுகள் குளிர்ந்தன, உயிர்கள் போகவில்லை.

வயலை அப்படிக் குழாயில் கொண்டுபோக முடியாது. சிக்கலே அங்குதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தொலைநோக்கி:
அப்படியானால் பகலில் போய் உழட்டும், இரவில் தள்ளி வந்து உறங்கட்டும்.

கரிசல்மண்:
மலை பகல் இரவு பார்க்கிறதா? கரீபியக் கடலின் மொன்செராத் தீவில் 1997 ஜூன் 25 அன்று எரிமலை வெடித்து 19 பேர் இறந்தது பட்டப்பகலில். நுழையக் கூடாது என்று மூடிய பகுதி அது. அவர்களில் பலர் பயிரைப் பார்க்கப் போனவர்கள். 2010-இல் ஜாவாவின் மெராபி எரிமலை சீறியபோதும் முகாமிலிருந்து மாட்டுக்குத் தீவனம் வைக்க மலையேறியவர்கள் எத்தனையோ பேர். அவர்களை அறியாமைக்காரர்கள் என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மாடு போனால் குடும்பத்தின் சேமிப்பே போயிற்று. மக்களை ஏற்றிச் செல்லும் லாரிக்குப் பின்னால் மாட்டை ஏற்றவும் ஒரு லாரி வேண்டும், முகாமில் கொட்டகை வேண்டும். அப்படிச் செய்தால் பாதிப் பேராவது திரும்பி ஓட மாட்டார்கள்.

முன்கூட்டியே கவனித்தால் காப்பாற்ற முடியும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் பினாதுபோ எரிமலை சான்று. 1991 ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்தினார்கள். குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது மதிப்பீடு.

தொலைநோக்கி:
அதே நாளில் புயல் மழையில் நனைந்த சாம்பலின் எடை தாங்காமல் கூரைகள் விழுந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இருந்தாலும் மாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சேறு இறங்கும் ஆற்றுப் பள்ளங்களில் வீடோ பள்ளியோ மருத்துவமனையோ கூடாது என்பதில் இறங்கி வர மாட்டேன். வயல் இருக்கட்டும்.

கரிசல்மண்:
அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கடலோடி:
இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையை என்ன செய்வது? 1944-க்குப் பிறகு அது வெடிக்கவில்லை. முதல் அடியிலேயே சிக்கக்கூடிய செம்மண்டலத்தில் இன்று 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பணம் தருகிறோம், வெளியே போங்கள் என்று அரசு சொல்லியும் மிகப் பெரும்பாலோர் அசையவில்லை.

கரிசல்மண்:
அங்கே என் வாதம் நிற்காது. திராட்சையும் தக்காளியும் இன்றும் விளைகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த 6 லட்சம் பேரில் மண்ணை நம்பி இருப்பவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். விவசாயிக்காக நான் பேசியதை அந்தக் கட்டடங்களுக்காகப் பேச மாட்டேன்.