கோர்எலெக் போட்ட டிவி பாக்ஸ் லோகோவிலேயே சுற்றுகிறது, எஸ்டி கார்டையும் எடுப்பதில்லை

தாமிரபரணி:
வணக்கம். வீட்டில் பெயர் தெரியாத ஒரு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் இருக்கிறது. எஸ்905எக்ஸ் சிப், 2 ஜிபி ராம், 16 ஜிபி உள் நினைவகம். ஆண்ட்ராய்டைத் தொடாமல், எஸ்டி கார்டில் கோர்எலெக் 9.2.8 (கோடி ஓட்டுவதற்கான சிறிய லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, கோடி என்ற வீடியோ பிளேயரை மட்டும் ஓட்டி வந்தோம். அப்பாவுக்கு அதுதான் டிவி. கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரிகள், வீட்டுக் கல்யாண வீடியோக்கள் எல்லாம் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அந்த டிஸ்க் எப்போதும் பாக்ஸின் யுஎஸ்பியிலேயே செருகியிருக்கும்.

போன வாரம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், வந்து, மறுபடியும் போனது. அதிலிருந்து நீல விளக்கு எரிகிறது, பாக்ஸின் சொந்த லோகோ வருகிறது, சில நொடியில் திரை கறுத்து மறுபடியும் அதே லோகோ. கோர்எலெக் லோகோ வருவதே இல்லை. கார்டைக் கழற்றிவிட்டால் ஆண்ட்ராய்டாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. புதுக் கார்டில் அதே இமேஜை எட்சர் என்ற மென்பொருளில் எழுதி, டிடிபி கோப்பையும் (போர்டின் விவரங்களைச் சொல்லும் கோப்பு) மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. ஏவி துளைக்குள் பல் குச்சி விட்டு ரீசெட் பட்டனை அழுத்தியபடி பவர் கொடுத்தாலும் லோகோ வந்து அணைந்துவிடுகிறது.

கடையில் கேட்டால் போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். அப்பாவுக்கு இந்த மெனு கைக்குப் பழகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

மலைக்கோட்டை:
உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு கெட்டிருக்கும். அம்லாஜிக் (இந்தச் சிப்பைச் செய்யும் நிறுவனம்) யுஎஸ்பி பர்னிங் டூல் வைத்து ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியின் அடிப்படை மென்பொருளை, புதிதாக ஏற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆண் முனை உள்ள யுஎஸ்பி கேபிள் வேண்டும். கணினியில் "வேர்ல்ட்கப் டிவைஸ்" என்று வந்தால் பாக்ஸ் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். என்னிடம் இருந்த எஸ்905டபிள்யூ பாக்ஸ் அப்படித்தான் பிழைத்தது.

பழுதுப்பெட்டி:
ஃபர்ம்வேர் ஏற்றுவது கடைசி வழியாகவே இருக்கட்டும். மலைக்கோட்டை சொன்ன முறை வேலை செய்யும், ஆனால் அந்தப் போர்டுக்கே உரிய இமேஜ் கையில் இருந்தால்தான். ஒரே எஸ்905எக்ஸ் என்று விற்கும் பெட்டிகளில் ராம் வேறு, வைஃபை சிப் வேறு, போர்டு வேறு. பொருந்தாத இமேஜ் பூட்லோடரையும் (பெட்டியை எழுப்பும் நிரல்) சேர்த்து எழுதிவிட்டால் இப்போது வருகிற லோகோவும் வராது. நோய் எங்கே என்று தெரியாமல் மருந்து கொடுக்க வேண்டாம்.

உங்கள் பெட்டி லோகோ காட்டுகிறது. அது பெரிய நல்ல செய்தி. சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட் ரோம் நிரல் முதலில் ஓடும். அது இஎம்எம்சியில் (உள் நினைவகம்) இருந்து பூட்லோடரை எடுக்கும், பூட்லோடர் ராமைத் தயார் செய்யும், அப்புறம் அதன் அடுத்த கட்டமான யூ-பூட் வந்து லோகோ பார்ட்டிஷனைப் (நினைவகத்தில் லோகோவுக்கான பகுதி) படித்து திரையில் வரையும். லோகோ வந்துவிட்டது என்றால் சிப், ராம், எச்டிஎம்ஐ மூன்றும் உயிரோடு இருக்கின்றன, இஎம்எம்சியையும் ஓரளவாவது படிக்க முடிகிறது. "போர்டு போய்விட்டது" என்று கடையில் சொன்னதை இப்போதைக்கு ஏற்க வேண்டியதில்லை.

புதுக் கார்டு போட்டும் ஏன் எடுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். கார்டு செருகியிருக்கிறது என்பதற்காக இந்தப் பெட்டிகள் அதிலிருந்து பூட் ஆவதில்லை. முதல் தடவை குச்சியால் அழுத்திப் பூட் செய்தபோது, கார்டில் இருக்கும் ஏஎம்எல்_ஆட்டோஸ்கிரிப்ட் என்ற சிறு கட்டளைக் கோப்பு ஓடி, யூ-பூட்டின் என்விரான்மென்ட் மாறிகளில் (அமைப்புக் குறிப்புகள்) "முதலில் கார்டைப் பார், யுஎஸ்பியைப் பார், எதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டுக்குப் போ" என்று எழுதி வைத்தது. அந்தக் குறிப்பு கார்டில் இல்லை, பெட்டியின் இஎம்எம்சியில் இருக்கிறது. கூடவே ஒரு சிஆர்சி சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். அந்த எண் ஒத்துவராவிட்டால் யூ-பூட் முழுக் குறிப்பையும் தள்ளிவிட்டு, தொழிற்சாலை அமைப்பை எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலை அமைப்புக்கு உங்கள் கார்டைப் பற்றி எதுவும் தெரியாது, நேராக ஆண்ட்ராய்டுக்குப் போகும். அதே மின்தடையில் ஆண்ட்ராய்டின் டேட்டா பார்ட்டிஷனும் கெட்டிருந்தால், லோகோவிலேயே சுற்றும். நீங்கள் சொன்ன அறிகுறிகள் இதோடு பொருந்துகின்றன.

அப்படியானால் குச்சி முறையில் மறுபடியும் எழுத முடிந்திருக்க வேண்டும். அதுவும் பாதியில் அணைகிறது என்பதால் எனக்கு அடாப்டர் மேல் சந்தேகம். ஹார்ட் டிஸ்க், டாங்கிள், லேன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ மட்டும் வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் அடாப்டரைச் சும்மா அளக்காதீர்கள், அப்போது எல்லா அடாப்டரும் 5 வோல்ட்தான் காட்டும். பெட்டியைத் திறந்து, டிசி ஜாக்கின் பின்பக்கச் சால்டர் புள்ளிகளில் முனைகளை வைத்து, லோகோ ஓடும்போது அளக்க வேண்டும். முனை வழுக்கிப் பக்கத்துப் புள்ளியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவசரத்துக்கு ரவுட்டர் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். முனை ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது 12 வோல்ட். செருகினால் உண்மையிலேயே போர்டு போய்விடும்.

தாமிரபரணி:
இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, நன்றி அண்ணா. தம்பியின் மல்டிமீட்டரில் அளந்தோம். பெட்டி இல்லாமல் 5.1 வோல்ட். பெட்டியை இணைத்ததும் 4.7, லோகோ வந்து ஆண்ட்ராய்டு தொடங்கும் இடத்தில் 4.3 வரை இறங்கி, திரை கறுத்ததும் மறுபடியும் ஏறுகிறது. இறங்குவதும் கறுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றினால் சுற்றுவது கொஞ்சம் மெதுவாகிறது, அவ்வளவுதான். அடாப்டரில் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

பழுதுப்பெட்டி:
அடாப்டர்தான் முதல் குற்றவாளி. மலிவான அடாப்டரில் வெளியீட்டுக் கப்பாசிட்டர் நாளடைவில் காய்ந்து போகும். சும்மா இருக்கும்போது 5 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் தாங்காது. லோகோவரை சிப் அதிகம் இழுக்காது. கர்னல் (இயங்குதளத்தின் மையம்) ஏறி, சிப்பின் நான்கு கோர்களும் எழுந்து, வைஃபையும் விழிக்கும்போதுதான் இழுவை கூடும். அதனால்தான் எப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் விழுகிறது. அதோடு ஹார்ட் டிஸ்க்கும் இதே 5 வோல்ட்டில் இருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தது.

5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். முனையின் அளவும், நடுமுனை பாசிட்டிவா என்பதும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய அடாப்டரையே கடைக்கு எடுத்துப் போவது நல்லது.

அது வந்ததும் இப்படிச் செய்யுங்கள். புதிதாக எழுதிய கார்டைக் கணினியில் திறந்தால் கோர்எலெக் என்ற பார்ட்டிஷன் தெரியும். அதற்குள் கர்னல்.ஐஎம்ஜி, சிஸ்டம், சிஎஃப்ஜிலோட், ஏஎம்எல்_ஆட்டோஸ்கிரிப்ட் இருக்கின்றனவா பாருங்கள். டிவைஸ்_ட்ரீஸ் ஃபோல்டரில் இருந்து ஜிஎக்ஸ்எல்_பி212_2ஜி என்ற கோப்பை வெளியே நகலெடுத்து டிடிபி.ஐஎம்ஜி என்று பெயர் மாற்றுங்கள். பி281 என்று இருப்பது எஸ்905டபிள்யூவுக்கு, அதை எடுக்க வேண்டாம். கார்டைப் பெட்டியில் போட்டு, பவர் இல்லாமலேயே குச்சியை உள்ளே விட்டு அழுத்துங்கள். "டிக்" என்று ஒரு சின்ன அசைவு விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குச்சி பட்டனில் படவில்லை, ஓரத்தில் முட்டி நிற்கிறது. அந்த அழுத்தத்தை விடாமல் பவர் கொடுங்கள். பெட்டியின் லோகோ வரும், ஒரு முறை அணையக்கூடும், பயப்பட வேண்டாம். என்விரான்மென்டில் எழுதிவிட்டுத் தானாகவே ரீபூட் ஆகும். கோர்எலெக் லோகோ வந்ததும் விரலை எடுத்துவிடலாம்.

மலைக்கோட்டை:
சுமையோடு அளக்க வேண்டும் என்பது எனக்கும் புதிது. ஒரு சந்தேகம்: இந்த சிஆர்சி விஷயத்தைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

பழுதுப்பெட்டி:
உண்டு, சீரியல் கன்சோல். பூட் ஆகும்போது வரும் செய்திகளைக் கணினியில் எழுத்தாகக் காட்டும் இணைப்பு அது. போர்டில் நான்கு சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும்: கிரவுண்ட், ஆர்எக்ஸ், டிஎக்ஸ், விசிசி. 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் மாற்றி ஒன்றை எடுத்து, கிரவுண்டைக் கிரவுண்டோடும், டிஎக்ஸை ஆர்எக்ஸோடும், ஆர்எக்ஸை டிஎக்ஸோடும் இணைக்க வேண்டும். விசிசியை மட்டும் இணைக்கவே கூடாது. வேகம் 115200. பவர் கொடுத்ததும் முதல் வரி ஜிஎக்ஸ்எல்:பிஎல்1 என்று தொடங்கும். அந்த வரியில் இஎம்எம்சி:0 என்று வந்தால் உள் நினைவகத்தைப் படிக்க முடிகிறது. அப்புறம் யூ-பூட் ஓடும் இடத்தில் "பேட் சிஆர்சி, யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்" என்று வந்தால், நான் சொன்னது அதேதான். திரையில் ஒன்றுமே வராத பெட்டிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. லோகோ வரும் பெட்டிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

தாமிரபரணி:
புது அடாப்டர் வந்தது. லோகோவில் சுற்றுவது நின்றுவிட்டது. கார்டு இல்லாமல் போட்டால் ஆண்ட்ராய்டு அனிமேஷன் வரை போய் அங்கேயே நிற்கிறது. நீங்கள் சொன்னபடி புதுக் கார்டோடு குச்சி முறை செய்தேன். "டிக்" தெரிந்தது, ஒரு முறை அணைந்தது, கோர்எலெக் வந்துவிட்டது! ஹார்ட் டிஸ்க்கும் திறக்கிறது, வீடியோக்கள் பத்திரமாக இருக்கின்றன.

இன்னும் ஒரு சிக்கல். பழைய கார்டில்தான் அப்பாவின் பட்டியல்களும் பிடித்தவைகளும் எல்லாம் இருக்கின்றன. அதைப் போட்டால் கோர்எலெக் லோகோ வருகிறது, ஆனால் கோடி வந்ததும் மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது, மறுபடி மூடுகிறது.

பழுதுப்பெட்டி:
ரொம்ப சந்தோஷம். இது இனி பூட் பிரச்சினை இல்லை, கோடியின் கோப்புகளில் ஒன்று மின்தடையில் பாதியில் நின்றிருக்கும். முதலில் பழைய கார்டை அப்படியே கணினியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பிறகுதான் தொட வேண்டும். லினக்ஸ் கணினி இருந்தால், ஸ்டோரேஜ் என்ற பார்ட்டிஷனை மவுண்ட் செய்யாமல் ஒரு ஈ2எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டுங்கள்.

அப்புறம் கார்டைப் பெட்டியில் போட்டு, நீங்கள் எஸ்எஸ்எச்சை (கணினியிலிருந்து பெட்டிக்குக் கட்டளை கொடுக்கும் வழி) முன்பே இயக்கியிருந்தால் அதில் நுழையுங்கள். பயனர் ரூட், மாற்றாமல் விட்டிருந்தால் கடவுச்சொல் கோர்எலெக். கோடி சர்வீசை நிறுத்திவிட்டு, ஸ்டோரேஜில் .கோடி ஃபோல்டருக்குள் டெம்ப் என்ற இடத்தில் இருக்கும் கோடி.லாக்கின் கடைசி வரிகளைப் படியுங்கள். 9.2 என்றால் உள்ளே கோடி 18, அதன் வீடியோ பட்டியல் மைவீடியோஸ்116 என்ற கோப்பில் இருக்கும். அதன் பெயரோடு பிழை வந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். முழு ஃபோல்டரையும் அழிக்காதீர்கள். பிடித்தவை தனிக் கோப்பில் இருப்பதால் தப்பிவிடும்.

தாமிரபரணி:
லாக்கில் "டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்" என்று அந்தக் கோப்பின் பெயரோடுதான் இருந்தது. நகர்த்தியதும் கோடி நின்று ஓடுகிறது. பிடித்தவை அப்படியே இருக்கின்றன. டிஸ்க்கை மறுபடி ஸ்கேன் செய்ததில் பட்டியலும் வந்துவிட்டது. அப்பா காலையிலேயே கச்சேரி போட்டுவிட்டார். ஆண்ட்ராய்டை என்ன செய்வது?

பழுதுப்பெட்டி:
நீங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்றால் விட்டுவிடலாம். வேண்டுமென்றால் கார்டை எடுத்துவிட்டு அதே குச்சி முறையில் பவர் கொடுங்கள், ரிக்கவரி மெனு வரும், அதில் டேட்டாவைத் துடைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். டிஸ்க்குக்குத் தனி பவர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்று வாங்குங்கள், இதுதான் முக்கியம். கோர்எலெக் செட்டிங்ஸில் பேக்கப் என்று இருக்கிறது, அதை ஓட்டி, பேக்கப் ஃபோல்டரில் வரும் கோப்பைக் கணினிக்கு எடுத்து வையுங்கள். கார்டிலேயே விட்டால் கார்டோடு போய்விடும்.

நெய்தல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் எஸ்905எக்ஸ்3, 4 ஜிபி. அடாப்டர் புதிது, சுமையோடும் 5 வோல்ட் நிற்கிறது. இதே 9.2.8 பொது இமேஜ் எழுதி, இதே பி212 டிடிபி வைத்தேன். லோகோவுக்குப் பிறகு கறுப்புத் திரை.

பழுதுப்பெட்டி:
நீங்கள் எடுத்தது பழைய தலைமுறைக்கான இமேஜ். எஸ்905எக்ஸ், எஸ்905டபிள்யூ, எஸ்912 போன்றவற்றுக்கு 9.2.8தான் கடைசி. எஸ்905எக்ஸ்2, எக்ஸ்3 வரிசைக்கு அம்லாஜிக்-என்ஜி என்று பெயரில் இருக்கும் இமேஜை எடுக்க வேண்டும். கார்டை மறுபடி எழுதுங்கள். டிடிபிக்கு எஸ்எம்1_எஸ்905எக்ஸ்3_4ஜி, லேன் போர்ட் கிகாபிட் என்றால் அதே பெயரில் 1ஜிபிட் என்று முடிவது. அதற்கு முன் மூடியைத் திறந்து, ஹீட்சிங்க்கின் கீழே சிப்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிடுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.