குடும்பக் காட்டுக்குச் சான்றிதழ் வேண்டுமா, ஒழுங்கான திட்டம் போதுமா?

மரக்கணக்கு:
சிறு காடு வைத்திருக்கும் குடும்பங்களை எஃப்.எஸ்.சி. (FSC) அல்லது பி.இ.எஃப்.சி. (PEFC) சான்றிதழ் வாங்கச் சொல்லி எல்லாப் பக்கமும் அறிவுரை வருகிறது. காடு பொறுப்பாகப் பராமரிக்கப்படுகிறது என்று வெளியாள் தணிக்கை செய்து தரும் சர்வதேசச் சான்றிதழ்கள் இவை. 30 ஹெக்டேர் காட்டுக்கு அது தேவையற்ற சுமை என்கிறேன். அந்த அளவுக் காட்டில் சொல்லிக்கொள்ளும்படியான வெட்டு எட்டு, பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். எஃப்.எஸ்.சி. சான்றிதழின் ஆயுளோ ஐந்து வருடம். நடுவில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை வேறு. ஒரு தடிகூட விற்காத வருடங்களிலும் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பணத்தை நல்ல அளவீட்டுக்கும் எழுதி வைத்த மேலாண்மைத் திட்டத்துக்கும் போட்டால் காடு பிழைக்கும்.

வேர்முடிச்சு:
நீங்கள் போட்டிருப்பது தனிச் சான்றிதழின் கணக்கு. 30 ஹெக்டேருக்கு யாரும் அதை வாங்கச் சொல்வதில்லை, குழுச் சான்றிதழ்தான் வழி. சான்றிதழ் குழு மேலாளர் பெயரில் இருக்கும், உறுப்பினர்கள் அதன் கீழ் வருவார்கள். வெளித் தணிக்கையாளர் எல்லாக் காட்டையும் பார்ப்பதில்லை, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்ப்பார். அதனால் செலவு பங்காகிவிடும். 100 ஹெக்டேர் வரையிலான காடுகளுக்கு எஃப்.எஸ்.சி.யில் எளிமையாக்கிய நடைமுறையும் உண்டு. சில நாடுகளில் அந்த வரம்பு 1000 ஹெக்டேர் வரை போகிறது. பி.இ.எஃப்.சி. 1999இல் ஐரோப்பாவில் தொடங்கப்பட்டதே சிறு குடும்பக் காடுகளை மனதில் வைத்துத்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று. திட்டத்தை எழுதுவதும் நீங்கள், நிறைவேற்றுவதும் நீங்கள், சரியாக நடந்ததா என்று பார்ப்பதும் நீங்கள் என்றால் தவறு எங்கே வெளிப்படும்?

தடம்பார்:
சான்றிதழ் வாங்கியும் பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் விற்பனையில். காட்டுச் சான்றிதழ் காட்டு வாசலோடு முடிகிறது. அதன் பிறகு மரத்தை உடைமையாக்கி அறுத்து விற்கும் ஒவ்வொருவரிடமும் கைமாற்றுச் சங்கிலி (chain of custody) சான்றிதழ் இருக்க வேண்டும். நடுவில் ஒரு மில்லிடம் இல்லையென்றால் அங்கேயே சங்கிலி அறுந்துவிடும், அடுத்து வாங்குபவர் சான்றளித்த மரம் என்று சொல்ல முடியாது. ரசீதில் சான்றிதழ் எண்ணும் ‘எஃப்.எஸ்.சி. 100%’ போன்ற சான்றுக் கூற்றும் எழுதாமல் விடுவது இன்னொரு தவறு. எழுதாத சரக்கு சாதாரணச் சரக்குதான். ஆகவே குழுவில் சேரும் முன், லாரி போகிற தூரத்தில் சங்கிலிச் சான்றிதழ் உள்ள மில் இருக்கிறதா, உங்கள் இனத்தையும் தடிப் பருமனையும் அது எடுக்குமா என்று விசாரியுங்கள்.

மரக்கணக்கு:
நன்றி தடம்பார், என் வாதத்துக்கே வலு சேர்த்தீர்கள். வேர்முடிச்சு, நீங்களே மாதிரி என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் காட்டுக்கு அந்த ஐந்து வருடத்தில் வெளித் தணிக்கையாளர் வராமலே போகலாம். வெளிக்கண் என்கிற பாதுகாப்பு அங்கே எங்கே?

அளவீட்டுக்குப் பெரிய கருவியும் வேண்டாம். ஒரு நூலின் முனையில் 1 செ.மீ. அகலத் தகட்டைக் கட்டுங்கள். மறுமுனையைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் அழுத்திக்கொண்டு, தகட்டைக் கண்ணிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்து, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று. மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், தகட்டைவிடப் பருத்துத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணுங்கள். 24 வந்தால் அந்த இடத்தில் ஹெக்டேருக்கு 24 சதுர மீட்டர் அடிப்பரப்பு, அதாவது மார்பு உயரத்தில் எல்லா மரத்தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டிய அளவு. தகட்டுக்குச் சரியாக அடங்கும் மரத்துக்கு நாடா பிடிக்க வேண்டும். விட்டத்தை 50ஆல் பெருக்கினால் எல்லைத் தூரம் வரும்: 30 செ.மீ. மரம் 15 மீட்டருக்குள் நின்றால் சேர்த்தி, தாண்டினால் இல்லை. நூல் தொய்ந்து தகடு கண்ணுக்கு அருகில் வந்தால் அது அகலமாகத் தெரியும், எண்ணிக்கை குறைந்துபோகும். புதருக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டாலும் அதே பிழைதான். புள்ளிகளை வரைபடத்தில் குறித்து வைத்து, வெட்டுக்கு முன்னும் பின்னும் அதே இடங்களில் எண்ணினால் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது கையில் இருக்கும். இதற்கு எதற்குத் தணிக்கையாளர்?

வேர்முடிச்சு:
முறை அருமை, ஒவ்வொரு காட்டுக்காரரும் கற்க வேண்டியது. ஆனால் அது எவ்வளவு எடுத்தோம் என்றுதான் சொல்லும், எதை எடுத்தோம் என்று சொல்லாது. ‘40 செ.மீ.க்கு மேல் உள்ளதை வெட்டு, மெலிந்தது வளரட்டும்’ என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பரப்பு 28இலிருந்து 20ஆக இறங்கியது என்று தாளில் நன்றாகவே இருக்கும். ஒன்றாக முளைத்த காட்டில் மெலிந்த மரம் இளம் மரம் அல்ல. அதே வயதுதான், போட்டியில் தோற்ற மரம். நல்லதை எல்லாம் எடுத்துத் தோற்றதை விதைமரமாக விடுகிறோம். இரண்டு சுற்று இப்படிப் போனால் காட்டில் கோணலும் பொந்தும்தான் மிஞ்சும். நேரில் வந்து, வெட்டிய அடிக்கட்டையையும் பக்கத்தில் விட்ட மரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்தான் இதைப் பிடிப்பார்.

மாதிரி பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் குழு மேலாளரின் உள் தணிக்கை உயிர்நாடி. அது ஏனோதானோ என்று நடந்தால் வெளித் தணிக்கையில் பெருங்குறை என்று பதிவாகும். மூன்று மாதத்துக்குள் திருத்தாவிட்டால் மொத்தக் குழுவின் சான்றிதழும் நிறுத்தப்படலாம். சிறுகுறைக்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு.

தடம்பார்:
இருவரும் தொடாத ஒன்று, வெட்டிய மரத்தை இழுத்து வெளியே கொண்டுபோகும் வண்டியின் தடம். ஈர மண்ணில் கனரக வண்டி ஓடிய முதல் சில ஓட்டத்திலேயே மண் இறுகிவிடும், பிறகு பல்லாண்டு மீளாது. ஆகவே வெட்டுக்கு முன்பே இழுவைத் தடங்களை மரத்தில் வண்ணம் பூசிக் குறித்து, வண்டி அதை விட்டு விலகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கிளைத் தழைகளைத் தடத்தில் பரப்பினால் சக்கரத்தின் பாரம் பரவும். மழை பெய்தால் வேலை நிற்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும், வாய்ப்பேச்சு அன்றைக்கு உதவாது.

மரக்கணக்கு:
தடம் பற்றி முழு உடன்பாடு. மெலிந்த மரத்தின் வயது பற்றியும் ஒப்புக்கொள்கிறேன், அடிப்பரப்பு அதைக் காட்டாது. அதற்கு நான் சொல்லும் வழி, வெட்டும் மரத்தைக் காட்டுக்காரர் பணம் கொடுத்து அமர்த்திய வனவியலாளர் குறிக்க வேண்டும், வாங்குபவர் குறிக்கக் கூடாது. மார்பு உயரத்தில் ஒரு குறி, வெட்டிய பிறகும் தெரியும்படி அடிக்கட்டையில் ஒரு குறி. அடிக்குறி இல்லாத கட்டை கண்ணில் பட்டால் அது திருட்டு வெட்டு.

வேர்முடிச்சு:
அந்த இரட்டைக் குறியை எல்லாக் குழுவும் கட்டாயமாக்க வேண்டும். சேர நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. இயற்கைக் காட்டை அழித்து ஒற்றை இனத் தோட்டமாக்கிய நிலமா என்று முதலில் பாருங்கள். மாற்றம் 2020 டிசம்பர் 31க்குப் பின் நடந்திருந்தால் எஃப்.எஸ்.சி.யிலும், 2010 டிசம்பர் 31க்குப் பின் என்றால் பி.இ.எஃப்.சி.யிலும், மிகச் சில விலக்குகள் தவிர இடமில்லை. நுழைவுக் கட்டணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் வருத்தம்தான் மிஞ்சும். விலகல் விதியையும், விலகினால் அளவீட்டுப் பதிவேடு யாரிடம் இருக்கும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.