ஆனந்த வருஷம் புரட்டாசி: கொள்ளுத்தாத்தாவின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: வண்ணை மகள்

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 79 வயது. போன மாதம் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர் திடீரென்று, "நம்ம ஊர் எதுன்னு தெரியாமலே போய்ச் சேர்ந்துடுவேன் போல" என்றார். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் தேடுவது அப்பாவின் தாத்தாவை. பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். அவர் குடும்பம் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கொள்ளும் விதைத்து, மழை வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி என்று வாழ்ந்த குடும்பம். தாது வருஷப் (1876) பஞ்சத்தில் இருந்த மாடும் போய், அவருடைய அப்பா சிறு பையனாகப் பட்டணம் வந்தாராம். கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தாராம். எங்கள் தெருப் பெரியவர்கள் ஸ்டான்லியை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பையன் ஞாபகம் வந்துவிடும்.

கையில் இருப்பவை: மில்லில் கொடுத்த பித்தளை வில்லை ஒன்று, அதில் நம்பர் மட்டும்தான். அப்புறம் என் தாத்தாவின் ஜாதகம். மேல் பாதியில் "ஆனந்த வருஷம் புரட்டாசி மாதம்" என்று தெரிகிறது, கீழ்ப் பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. 1914 என்று கணக்குப் போட்டுச் சென்னைப் பிறப்புப் பதிவில் தேடக் கேட்டேன். மூன்று முறை அலைந்தேன். மூன்று முறையும் அப்படி ஒரு பதிவே இல்லை என்றுதான் பதில்.

பாட்டி கல்யாணமான புதிதில் ஒருமுறை ஊருக்குப் போயிருக்கிறார். "வாலாஜா ரோட்டுல இறங்கி, ஆத்து மணலைத் தாண்டி, பொழுது சாயறதுக்குள்ள நடந்தே போயிட்டோம்" என்பார். அதன் பிறகு பங்காளிச் சண்டை, போக்குவரத்து நின்றுவிட்டது. ஊர்ப் பெயரை நாங்கள் யாரும் கேட்டு வைக்கவில்லை. பத்து வருஷம் பாட்டி மடியில் படுத்த நானும் கேட்கவில்லை.

யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: கொருக்குப்பேட்டை ரயில்வே தாத்தா

அம்மா, ஆனந்த வருஷம் புரட்டாசி என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது 1914 என்பதில் சந்தேகமில்லை. அந்தப் புரட்டாசியின் முதல் வாரத்தில், செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில்தான் ஜெர்மன்காரனின் எம்டன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு போட்டது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேல் குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டு எரிந்தன. மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். நிறைமாதக்காரியை வைத்திருக்கும் வீடு என்ன செய்யும்? முதல் ரயிலில் அவளைத்தான் ஏற்றிவிட்டிருக்கும். உங்கள் தாத்தா பட்டணத்தில் பிறக்கவே இல்லை என்று நினைக்கிறேன். சென்னைப் பதிவில் எப்படிக் கிடைப்பார்?

அடுத்தது பாட்டி சொன்ன வழி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் ஓடியது, தென்னிந்தியாவில் அதுதான் முதல் பயணிகள் ரயில் பாதை. வாலாஜா ரோடு ஸ்டேஷன் பாலாற்றுக்கு வடக்கே இருக்கிறது. "ஆத்து மணலைத் தாண்டி" என்றால் பாட்டி தெற்கே நடந்திருக்கிறார். ஆற்றின் தென்கரையில் ஆற்காடு, அதற்கும் தெற்கே திமிரி, கலவை. பொழுது சாய்வதற்குள் நடக்கிற தூரம் என்றால் என் கணக்கு திமிரிப் பக்கம். வடகரை ஊர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

1914-இல் அது வட ஆற்காடு மாவட்டம். பிறகு வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை. எந்த அலுவலகத்தில் கேட்டாலும் மூன்று பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பிறப்பு இறப்புகளை ஊர் நிர்வாகம் பார்த்த மணியக்காரர்தான் எழுதினார். 1980-இல் மணியக்காரர், கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) பதவிகளே போய்விட்டன, அதனால் ஊரில் புத்தகம் இருக்காது. தாலுகா அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஊர்ப் பெயர் தெரியாமல் மட்டும் போகாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் என் அம்மாவழித் தாத்தாவைத் தேடி அப்படி ஒரு வருஷத்தை வீணாக்கியவன்.

பதில்: காசிமேடு அக்கா

ஐயா சொன்னது சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தாத்தா தலைச்சன் பிள்ளையா? தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான் நடந்திருக்கும். அப்போது நீங்கள் கண்டுபிடிக்கப் போவது கொள்ளுப்பாட்டியின் ஊரை, கொள்ளுத்தாத்தாவின் ஊரை இல்லை.

இன்னொன்று, உங்கள் குலதெய்வம் எது தங்கச்சி? அதை நீங்கள் எழுதவே இல்லையே! காகிதத்தைப் பூச்சி அரிக்கும், சாமியை யாரும் மாற்ற மாட்டார்கள். குலதெய்வக் கோவில் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் பங்காளிகள் இருப்பார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட எழுதி வைத்த நோட்டு யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். அத்தைமார், பெரியம்மாமார் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களிடம் "ஊர் எது?" என்று கேட்காதீர்கள், தெரியாது என்பார்கள். "முதல் மொட்டை யாருக்கு எங்கே போட்டோம்?" என்று கேளுங்கள்.

பிறப்புப் பதிவுக்கு ஒரு குறிப்பு: அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே எழுதிவிடுவார்கள். குழந்தையின் பெயர் இருக்காது, "ஆண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

பதில்: பெரம்பூர் பையன்

மில் பற்றி எனக்குத் தெரிந்தது. நாம் பின்னி மில் என்று சொல்வது பக்கிங்காம் மில், கர்நாட்டிக் மில் இரண்டையும் சேர்த்துத்தான். 1876-இல் ஒன்றும் 1881-இல் இன்னொன்றும் தொடங்கி, 1920-இல் ஒரே கம்பெனி ஆயின. உங்கள் வில்லையில் எந்த மில்லின் பெயரும் இல்லாவிட்டால் அதை வைத்து ஆளைத் தேட முடியாது. பத்திரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுத்தாத்தா 1921-இல் வேலையில் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஜூனிலிருந்து அக்டோபர் வரை பெரிய ஸ்டிரைக். தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க. முன்னால் நின்ற காலம். புளியந்தோப்பில் துப்பாக்கிச் சூடு, தொழிலாளிகளே சாதியாகப் பிரிந்து மோதி வீடுகள் எரிந்தன. கூலி இல்லாத அத்தனை மாதம் குடும்பத்தை எங்கே வைத்திருந்தார் என்று யோசித்தால் மறுபடி அந்த ஊர்தான் வரும்.

வண்ணை மகள்

மூன்று பேருக்கும் நன்றி. காசிமேடு அக்கா, தாத்தா மூன்றாவது பிள்ளை. எங்கள் குலதெய்வம் பச்சையம்மன். கோவில் எதுவென்று தெரியாததால் ஆடி மாதம் மொட்டை மாடியில் செங்கல் நட்டு மஞ்சள் பூசித்தான் பொங்கல் வைக்கிறோம்.

நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். கொடுங்கையூரில் இருக்கும் அத்தைக்கு 84 வயது. ஊர் தெரியாது என்றுதான் முதலில் சொன்னார். முதல் மொட்டை யாருக்கு என்றதும், "எங்க பெரிய அண்ணனுக்கு. எனக்கு நாலு வயசிருக்கும், கூண்டு வண்டியில போனோம். திமிரி சந்தையில எனக்குப் பச்சை வளையல் வாங்கிக் கொடுத்தாங்க. அங்கேர்ந்து கொஞ்ச நேரந்தான். ஏரிக்கரை மேல கோவில், பெரிய பெரிய முனி உட்கார்ந்திருக்கும், நான் பயந்து அழுதேன்" என்றார். பங்காளிச் சண்டைக்குப் பிறகும் ஒருமுறை போயிருக்கிறார்கள், அது அப்பாவுக்கே தெரியாது! 1921 பற்றிக் கேட்டேன். "அப்போ மூணு மாசம் கேவுரு களி தின்னு இருந்தோம்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார். என் தாத்தாவுக்கு அப்போது ஏழு வயது. பட்டணத்திலா ஊரிலா என்று அத்தைக்குத் தெரியவில்லை, ஆனால் களி தின்றது எங்கே என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ரயில்வே ஐயா, திமிரி என்று அத்தை வாயால் கேட்டதும் உங்கள் பதிலை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். பஸ்ஸில் போகலாம் என்றேன், வேண்டாம், வாலாஜா ரோட்டில்தான் இறங்க வேண்டும் என்கிறார். திமிரியைச் சுற்றி ஏரிக்கரையில் பச்சையம்மன் கோவில் இருக்கிற ஊர்கள் யாருக்காவது தெரிந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிடுகிறோம்.