கார் ரேடியோ போட்டதும் ஏறின மோட்டார் ஆன்டெனா, அணைத்தாலும் இறங்க மாட்டேங்குது

ரேடியோவை அணைத்துவிட்டு ஆன்டெனா பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் சில விநாடி 'ர்ர்ர்' என்று ஓடி நிற்கிறது, கம்பி அசையவில்லை என்றால் உள்ளே கம்பியை ஏற்றி இறக்கும் பல் வைத்த நைலான் கேபிள் அறுந்திருக்கும். கூடவே 'டக் டக்' வந்தால் பல் தேய்ந்து வழுக்குகிறது, அல்லது கம்பி வளைந்து சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மோட்டாரில் கை வைக்காதீர்கள், முதலில் கரண்டைப் பாருங்கள்.

—

சத்தமில்லாத கேஸுக்குச் சொல்கிறேன். 90களின் வண்டிகளில் பெரும்பாலும் மூன்று வயர் கணக்குதான்: பேட்டரியிலிருந்து எப்போதும் இருக்கும் 12 வோல்ட், ஸ்டீரியோ ஓடும்போது மட்டும் வரும் சிக்னல், எர்த். சிக்னல் வந்தால் கம்பி ஏறும், போனால் இறங்கும். இறங்கும்போது ஸ்டீரியோ அணைந்திருக்கும், அதனால் மோட்டாருக்குத் தீனி அந்த நிரந்தர வயரில்தான். கம்பி மேலே இருக்கும்போது அதன் ஃபியூஸ் போனால் அப்படியே நட்டுக்கொண்டு நிற்கும்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீங்க சார். பச்சை பூத்த வயரிலும் அது 12 காட்டும், லோடு விழுந்ததும் படுத்துவிடும். டெஸ்ட் லேம்ப் (கரண்ட் பார்க்கும் சின்ன பல்பு) வைத்துப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் கனெக்டரையும் எர்த் போல்ட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்யணும்.

—

ஸ்டீரியோ மாற்றிய வண்டியா? அப்போ சிக்னல் வயரைச் சந்தேகப்படுங்க. ஆன்டெனா பக்கம் அந்த ஒரு வயரை மட்டும் கழற்றினால் போதும். உடனே சரசரவென்று இறங்கினால் ஆன்டெனா நல்லாத்தான் இருக்கு, யாரோ சிக்னலை நிரந்தர 12 வோல்ட்டோட முறுக்கி வச்சிருக்காங்க. புது ஸ்டீரியோவில் வழக்கமா தனி நீல வயர்தான் ஆன்டெனாவுக்கு. வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிஃபையருக்கு. ஆன்டெனாவை இந்தக் கோடு போட்ட வயரில் கொடுத்தால் பென்டிரைவில் பாட்டு ஓடும்போதும் கம்பி மேலேயே நிற்கும், அது பழுது இல்லை.

—

கேபிள் அறுந்திருந்தால் முழு மோட்டாரையும் வாங்கத் தேவையில்லை, கேபிளோடு சேர்ந்த கம்பி பல மாடலுக்குத் தனியாகக் கிடைக்கும். மேல் நட்டைக் கழற்றி ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ரேடியோவைப் போட்டால் மோட்டாரே பழசை வெளியே தள்ளும். வந்த கேபிளைப் புதிதோடு ஒட்டி நீளம் பாருங்கள். குறைந்தால் மீதித் துண்டு உள்ளே கிடக்கிறது. மோட்டாரை இறக்கி மூடியைத் திறந்து எடுத்தே ஆகணும். இதை விட்டுவிட்டுப் புதுசைச் சொருகினால் அதுவும் போச்சு.

புதுக் கேபிள் சுருண்டே வரும், நுனி மூன்று நான்கு சென்டிமீட்டரை நிமிர்த்திவிடுங்கள். பல் கியர் பக்கம் பார்க்கச் சொருகி, தட்டும்வரை அழுத்தி, ரேடியோவை அணைத்தால் இழுத்துக்கொள்ளும். பிடிக்கவில்லையா, லேசாகத் திருப்பி மறுபடி போட்டு அணையுங்கள். கடைசியில் இரண்டு அங்குலம் வெளியே நின்றாலும் பதற வேண்டாம், நட்டை மாட்டி ஒன்றிரண்டு தடவை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

—

கம்பிக்கு கிரீஸ் தடவாதீங்க. தூசி ஒட்டி, அடுத்த கேபிளையும் அறுக்கும். துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு பூச்சு போதும். மோட்டாருக்கு அடியில் தண்ணீர் வடியும் ரப்பர் குழாய் இருந்தால் அது அடைபடாமலும் பாருங்க.